.223 பித்தளை உறை: தோளை எவ்வளவு தள்ளுவது?

சுட்ட உறையில் மறுபடி மருந்தும் குண்டும் நிரப்பிப் பயன்படுத்துபவர்களுக்கு இது. .223 ரெமிங்டன் ரைபிள் தோட்டாவின் உறை நாலைந்து முறை சுட்டதுமே அடிப்பகுதிக்குச் சற்று மேலே பிளந்துகொண்டால் பழி பித்தளைமேல்தான் விழும். பெரும்பாலும் குற்றவாளி, அளவு பார்க்காமல் இறக்கிய சைசிங் டை, அதாவது சுட்டு விரிந்த உறையை மறுபடி அளவுக்கு நெரிக்கும் அச்சு. தேவைக்கு மேல் தோள் (உடல் கழுத்தாகக் குறுகும் சரிவு) பின்னால் போய்விட்டால், சுடும்போதெல்லாம் உறை சேம்பரின், அதாவது துப்பாக்கியில் தோட்டா அமரும் அறையின், நீளத்துக்கு இழுபடும். அப்படி நீள்வதற்கான உலோகம் அடிக்கு மேலுள்ள சுவரிலிருந்துதான் வருகிறது. சுவர் மெலியும், ஒருநாள் உறை இரண்டாகும்.

மறுநிரப்பலுக்கு உங்கள் ஊர்ச் சட்டம் இடம் கொடுக்கிறதா, உரிமம் வேண்டுமா என்பதை முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

வேலை பொறுக்குவதில் தொடங்குகிறது. ஒரே தயாரிப்பு, ஒரே எண்ணிக்கை முறை சுட்டவை ஒரு டப்பாவில் இருக்கட்டும். கழுத்தில் கீறல் விழுந்தவை, அடி பள்ளமானவை குப்பைக்கு. உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள்: நடுவில் ஒரே துளை என்றால் பாக்ஸர் வகை. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறு துளைகள் தெரிந்தால் பெர்டான். அதை டையில் விட்டால், பழைய ப்ரைமரை (அடியில் இருக்கும் தீப்பொறி மூடியை) தள்ளும் ஊசி உடையும். .300 பிளாக்அவுட் உறையும் இதே அடி உள்ளதுதான், குவியலில் கலந்து வரும், கவனம்.

மெலிவைக் கண்டுபிடிக்க ஒரு பேப்பர் கிளிப் போதும். அதை நிமிர்த்தி, நுனியை ஒரு மி.மீ. அளவுக்குச் செங்குத்தாக மடக்கி, உறைக்குள் விட்டு, சுவரை ஒட்டி அடியிலிருந்து மேல்நோக்கி இழுங்கள். நல்ல உறையில் வழுக்கிக்கொண்டு வரும். அடிக்குச் சற்று மேலே ஒரு பள்ளத்தில் தட்டி நின்றால் அந்த உறையின் ஆயுள் முடிந்தது. வெளியே அதே இடத்தில் பளபளப்பான வளையம் தெரியலாம். டை உரசிய கோடும் பார்வைக்கு அப்படியே இருக்கும் என்பதால் கண்ணை நம்பாமல் கிளிப்பை நம்புங்கள்.

சுத்தம் செய்வது டையில் கீறல் விழாமல் இருக்கத்தான், கண்ணாடிபோல் மின்ன வேண்டியதில்லை. சோளத்தண்டுத் தூளோ வால்நட் ஓட்டுத் தூளோ போட்டு உறைகளை உருட்டித் தேய்க்கும் டம்ளர் இயந்திரம் போதும். அந்தத் தூசியில் ப்ரைமரின் ஈயம் இருக்கும். திறந்த வெளியில் சலியுங்கள், பிறகு கையைக் கழுவுங்கள். அம்மோனியா கலந்த பாலிஷ் மட்டும் வேண்டாம். பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களின் உறைகள் தாமாகவே வெடிப்புவிட்டன. சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவும் பித்தளைக்குள் தங்கியிருந்த இறுக்கமும் சேர்ந்துதான் காரணம் என்பது 1921இல் விளக்கப்பட்டது. உங்கள் பாலிஷ் புட்டியும் அதே வேலையைச் செய்யும்.

இனி சைசிங். முதலில் எங்கே நிற்கிறோம் என்று தெரிய வேண்டும். உங்கள் துப்பாக்கியில் சுட்ட உறையின் ப்ரைமரைத் தட்டி எடுத்துவிட்டு, காலிப்பரில் பொருத்தும், தோளில் அமரும் துளையுள்ள ஹெட்ஸ்பேஸ் கம்பேரேட்டரால் அடியிலிருந்து தோள் வரை அளங்கள். ப்ரைமர் துருத்திக்கொண்டிருந்தால் அளவு பொய் சொல்லும். .223க்கு 0.330 அங்குலத் துளையுள்ள கம்பேரேட்டர் வேண்டும். காலிப்பர் காட்டும் எண் சரியாக இருந்தாக வேண்டும் என்பதில்லை, இரண்டு அளவுகளுக்கு நடுவே உள்ள வித்தியாசம்தான் நமக்கு வேண்டும். ஒருமுறை சுட்டதில் உறை சேம்பரை முழுதாக நிரப்பியிருக்காது. ஆகவே ஐந்தாறு உறைகளை அளந்து, அவற்றில் நீளமானதை எடுத்துக்கொள்ளுங்கள்.

குறி: சேம்பரை மூடும் போல்ட்டைக் கையால் இயக்கும் துப்பாக்கிக்கு அந்த அளவைவிட 0.05 மி.மீ. குறைவு, செமி-ஆட்டோவுக்கு 0.08 முதல் 0.10 மி.மீ. குறைவு. செமி-ஆட்டோவில் தோள் இன்னும் நீளமாக இருந்தால் போல்ட் முழுதாகப் பூட்டாமல் நிற்கலாம், அது ஆபத்து.

டையை, பிரஸ்ஸில் உறையின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரில் இடிக்கும்வரை இறக்கி, பிறகு அரைச்சுற்று மேலே ஏற்றி, மசகு தடவிய ஓர் உறையை அடியுங்கள். அளந்தால் உறை சுட்டதைவிட நீளமாகக் காட்டும். பயப்பட வேண்டாம். டை முதலில் உடலைத்தான் நெரிக்கிறது. நெரிந்த பித்தளைக்கு மேலே போவதைத் தவிர வழியில்லை, தோளும் முன்னே வருகிறது. டையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி ஒவ்வொரு தடவையும் அளங்கள். டையின் மரை அங்குலத்துக்கு 14, அதாவது ஒரு முழுச் சுற்றுக்கு 1.81 மி.மீ. பத்து டிகிரி திருப்பினால் 0.05 மி.மீ. இறங்கும். கடைசிக் கட்டத்தில் பத்துப் பத்து டிகிரியாகத்தான் போக வேண்டும். டையிலும் பிரஸ்ஸிலும் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் எவ்வளவு திருப்பினோம் என்பது குழம்பாது.

மசகுக்கு லானோலின் ஒரு பங்கு, ஐசோப்ரோபில் ஆல்கஹால் பத்துப் பங்கு கலந்து தெளித்து, ஆல்கஹால் ஆவியாக ஐந்து நிமிடம் விடுங்கள். அவசரப்பட்டு ஈரத்தோடு அடித்தால் உறை டைக்குள் மாட்டும். மசகு மிகுந்தால் தோளில் சொட்டை விழும். கழுத்துக்குள்ளும் கொஞ்சம் படட்டும், இல்லையென்றால் கழுத்தை உள்ளிருந்து விரிக்கும் எக்ஸ்பாண்டர் உருண்டை வெளியே வரும்போது கிறீச்சிட்டுத் தோளையும் சேர்த்து இழுக்கும். கைப்பிடி வழக்கத்தைவிடக் கனத்தால் அங்கேயே நிறுத்திப் பின்னே எடுத்து, மசகு தடவித் திரும்ப அடியுங்கள். முரட்டுத்தனமாக அழுத்தினால் விளிம்பு கிழிந்து உறை உள்ளேயே தங்கிவிடும். முடித்ததும் மசகைத் துடைத்துவிட வேண்டும். எண்ணெய்ப் பசையுள்ள உறை சேம்பர் சுவரைப் பற்றாமல் போல்ட்மேல் பாரத்தைத் தள்ளும்.

நீளத்தைச் சைசிங்குக்குப் பிறகுதான் அளக்க வேண்டும். உச்ச வரம்பு 44.70 மி.மீ., வெட்டும் அளவு 44.45 மி.மீ. வரம்பு தாண்டிய கழுத்து சேம்பரின் முனையில் இடித்துக் குண்டை இறுகப் பிடித்துக்கொள்ளும், அழுத்தம் எகிறும். வெட்டியபின் உள்ளும் வெளியும் விளிம்பைச் சீவுங்கள், இரண்டு சுற்று போதும். கத்தி முனைபோல் ஆக்கிவிடாதீர்கள்.

ராணுவ உறைகளில் ப்ரைமரைச் சுற்றி நசுக்கியிருப்பார்கள். அதை ஸ்வேஜரால் தள்ளியோ ரீமரால் சீவியோ அகற்றாமல் புது ப்ரைமரை அழுத்தக் கூடாது. ப்ரைமர் எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போனால் குழி தளர்ந்துவிட்டது, உறையைக் கழித்துவிடுங்கள்.

மூன்று நான்கு முறை சுட்டபின் கழுத்து இறுகிப்போகும். ஒரே டை அமைப்பில் தோளின் அளவு உறைக்கு உறை மாறத் தொடங்கினால் அனீல் செய்யும், அதாவது சூடாக்கி மென்மையாக்கும், நேரம் வந்தது என்று பொருள். கழுத்தின் உட்புறம் 400 டிகிரி செல்சியஸில் உருகும் வண்ணக்குறி மையும், தோளுக்குக் கீழே உடலில் 245 டிகிரியில் உருகும் மையும் தடவி, உறையைச் சுழற்றியபடி சுடரைக் கழுத்திலும் தோளிலும் காட்டுங்கள். சில நொடிகளில் உள் மை உருகும், உடனே எடுத்துவிடுங்கள். கீழேயுள்ள மை உருகக் கூடாது. தண்ணீரில் போடுவது பித்தளையைக் கெட்டியாக்காது, சூடு இறங்காமல் தடுக்கும், அவ்வளவே. மொத்த உறையையும் அடுப்பில் வைத்துச் சூடாக்கினால் அடி மென்மையாகிவிடும். அப்படிப்பட்ட உறையைப் பிறகு சரிசெய்ய வழியில்லை. இடுக்கியால் நசுக்கி எறிந்துவிடுங்கள், மற்றவற்றோடு கலந்துவிடக் கூடாது.