ரூம் பார்த்தாச்சா? பேப்பர் எங்கே? சிங்கப்பூர் கிளம்பும் வடசென்னைத் தம்பிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனை டீக்கடையில் ஒரு தம்பியைப் பார்த்தேன். டிப்ளமா முடித்துவிட்டு எண்ணூர் பக்கம் ஒரு பட்டறையில் இரண்டு வருடம் வேலை பார்த்தவன். சிங்கப்பூரில் எஸ் பாஸ் (நடுத்தரத் திறன் வேலைக்கான அனுமதி) வேலை கிடைத்திருக்கிறது, மூன்று வாரத்தில் கிளம்புகிறான். முகமெல்லாம் சிரிப்பு. "ரூம் கூட பார்த்தாச்சுண்ணா. நம்ம ஏரியா ஆளு ஒருத்தர் அங்க இருக்காரு. அஞ்சு மாச வாடகை அனுப்பிட்டேன்" என்றான். யார் வீடு, யார் பெயரில் ஒப்பந்தம் என்று கேட்டேன். "இன்னாண்ணா நீ, நம்ம ஆளுகிட்ட போய் பேப்பர் கேப்பாங்களா?"

2020 ஜனவரியில் நானும் இதையேதான் சொன்னேன், சிங்கப்பூரின் பூன் லேயில் ஒரு லிஃப்ட் வாசலில் நின்றுகொண்டு. 2024-ல் ஊர் திரும்பினேன். அதிலிருந்து எங்கள் பக்கம் கிளம்புகிற பிள்ளைகளைக் கவனித்துக்கொண்டே இருக்கிறேன். காசிமேடு, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் என்று எங்கிருந்து போனாலும் விழுகிற பள்ளம் ஒன்றாகவே இருக்கிறது.

குப்பை போட்டால் அபராதம், எம்ஆர்டி ரயிலில் டுரியான் பழம் எடுத்துப் போகக் கூடாது என்பதெல்லாம் விமானம் ஏறும் முன்பே எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. அவற்றை விட்டுவிடுகிறேன்.

கசகசா

பெட்டியில் வேண்டாம். இங்கே குருமாவுக்கு அரைக்கிறோம், அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள். மாவா, குட்கா, மின் சிகரெட்டும் அப்படித்தான்.

வீட்டுக்காரரைப் பார்க்காமல் வாடகை கொடுப்பது

நம் பக்கத்து ஒண்டுக்குடித்தனங்களில் வாடகை எப்படி நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். வீட்டுக்காரம்மா கீழே இருப்பார். அட்வான்ஸைக் கையில் கொடுப்போம், அவர் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு எண்ணுவார். மாதம் பிறந்தால் ஐந்து தேதிக்குள் வாடகை. என் அப்பா ஒரே வீட்டில் பத்தொன்பது வருடம் இருந்தார், ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. காலி செய்த அன்று வெள்ளையடிக்கிற காசை மட்டும் பிடித்துக்கொண்டு மீதி அட்வான்ஸை அந்த அம்மா திருப்பிக் கொடுத்தார். தெருவே சாட்சியாக இருந்ததால் அது நடந்தது. காசைத் தராமல் இழுத்தடித்துவிட்டு மறுநாள் தண்ணீர் லாரி வரிசையில் அவர் குடத்தோடு நின்றிருக்க முடியாது. பூன் லேயில் அப்படி ஒரு தெரு கிடையாது. பன்னிரண்டு மாடி, பக்கத்துக் கதவில் யார் இருக்கிறார் என்றே தெரியாது. இதை எனக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

2019 செப்டம்பரில் போனேன். துவாஸ் தொழிற்பேட்டையில் கிரேன் பராமரிப்பு வேலை. முதல் நான்கு மாதம் கம்பெனி கொடுத்த இடத்தில் தங்கினேன், அப்புறம் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கூட வேலை செய்தவர் மூலம் ஒரு அண்ணன் அறிமுகமானார். சொந்த ஊர் ராயபுரம் என்றார். கல்மண்டபம் பற்றிப் பேசினார், விடிகாலையில் காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிற சத்தம் பற்றிப் பேசினார். நான்கு மாதமாக அந்தப் பேச்சைக் கேட்காத எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு கட்டிலுக்கு மாதம் 320 டாலர், ஆறு மாதத்தை மொத்தமாகக் கொடுத்தால் மாதம் 280 என்றார். முன்பணம் இன்னொரு 280. ஆக 1,960 டாலரை ரொக்கமாகக் கொடுத்தேன். வண்ணாரப்பேட்டை சேட்டு கடையில் இருந்த அம்மாவின் சங்கிலியை மீட்க நான் சேர்த்து வைத்திருந்த பணமும் அதில் போனது.

அது வீவக கட்டிய நான்கறை வீடு. வீவக என்றால் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், நம் ஊர் வீட்டு வசதி வாரியம் மாதிரி. ஆனால் அங்கே பெரும்பாலான மக்கள் அந்த வீடுகளில்தான் வாழ்கிறார்கள். மூன்று படுக்கையறையில் ஒன்று எப்போதும் பூட்டியே இருக்கும். "ஓனர் ரூம்" என்பார் அண்ணன். மீதி இரண்டிலும் கூடத்திலுமாகப் பதினொரு பேர் படுத்தோம்.

மார்ச் நடுவில் ஓர் இரவு எட்டரை மணிக்குக் கதவைத் தட்டினார்கள். வீவக அதிகாரிகள். ஒவ்வொருவரின் அட்டையையும் வாங்கிக் கையில் இருந்த பட்டியலோடு ஒப்பிட்டார்கள். பட்டியலில் நான்கு பெயர்தான் இருந்தது, என் பெயர் இல்லை. அதட்டவில்லை, மரியாதையாகத்தான் பேசினார்கள். யாரிடம் பணம் கொடுத்தீர்கள், ரசீது இருக்கிறதா என்று கேட்டார்கள். நான் பேசாமல் நின்றேன். அந்த அண்ணன் வீட்டுக்காரரே அல்ல, அவரும் ஒரு வாடகைதாரர்தான் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மூன்று நாளில் காலி செய்தோம். அவர் போன் அணைந்தது, அப்புறம் எடுக்கவே இல்லை.

அது கொரோனா பரவத் தொடங்கிய நேரம். அறை கேட்டுப் போன இடங்களில் இரும்புக் கேட்டைத் திறக்காமலே பேசி அனுப்பினார்கள். மார்ச் கடைசியில் ஒரு மலாய்க் குடும்பம் இடம் கொடுத்தது. ஏப்ரல் 7-ஆம் தேதி ஊரையே அடைத்துவிட்டார்கள். ஒரு வாரம் தள்ளிப்போயிருந்தால் எங்கே படுத்திருப்பேன் என்று நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

இரண்டரை மாதம் தங்கியதற்கான 700 டாலரைக் கழித்தால் போனது 1,260 டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 65,000 ரூபாய். சங்கிலியை மீட்க இன்னும் எட்டு மாதம் ஆயிற்று. எனக்கு இன்றும் ஆத்திரம் தீராததற்குக் காரணம் வேறு. ரசீது கொடுக்க வேண்டிய இடத்தில் அவர் நம் ஊர்ப் பேச்சைக் கொடுத்தார். காசிமேட்டுப் பேச்சைக் கேட்டதும் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டேன். இன்று கிளம்புகிற பிள்ளைகளும் அதே இடத்தில்தான் நிறுத்துகிறார்கள்.

இப்போது விதியைச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். வீவக வீட்டில் தங்கும் வாடகைதாரர் ஒவ்வொருவரின் பெயரையும் வீட்டுக்காரர் வீவகவிடம் பதிய வேண்டும். வாடகைக்கு இருப்பவர் அதை இன்னொருவருக்கு உள்வாடகைக்கு விடக் கூடாது. அறையை மட்டும் வாடகைக்கு விடும் வீட்டுக்காரர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும், ஓர் அறையைப் பூட்டி வைத்துவிட்டு வேறெங்கோ இருப்பது குற்றம். நான் இருந்த காலத்தில் ஒரு வீட்டுக்கு ஆறு பேர்தான் உச்சம். 2024 ஜனவரியிலிருந்து நான்கறையும் அதற்கு மேலும் உள்ள வீடுகளில் எட்டுப் பேர் வரை தற்காலிகமாக அனுமதித்திருக்கிறார்கள். ஒப்பந்தம் ஆறு மாதத்துக்குக் குறையக் கூடாது. "ரெண்டு மாசம் இருந்துட்டுப் பார்க்கலாம்" என்று யாராவது இடம் கொடுத்தால், உங்கள் பெயர் எங்கேயும் பதிவாகப் போவதில்லை என்று அர்த்தம்.

செய்ய வேண்டியது இது. ஊரில் இருந்துகொண்டு ஒரு டாலர்கூட அனுப்பாதீர்கள். முதல் சில வாரத்துக்குக் கம்பெனியிடமே இடம் கேளுங்கள், முடியாவிட்டால் உரிமம் பெற்ற விடுதியில் தங்குங்கள். கட்டணம் கூடுதலாகத் தெரியும், தெரியட்டும். அறை பார்க்கும்போது வீட்டுக்காரரை நேரில் பாருங்கள், வீடு அவர் பெயரில்தான் இருக்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். நல்ல வீட்டுக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார், அவரும் உங்கள் அசல் பாஸைக் கேட்பார். கேட்கவே இல்லையென்றால் அங்கேயே சந்தேகப்படுங்கள். இடையில் ஏஜென்ட் இருந்தால் அவர் பதிவு எண்ணை சிஇஏ (வீட்டு ஏஜென்டுகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு) இணையதளத்தில் தேடிப் பாருங்கள். வீவக வீட்டு வாடகையையோ முன்பணத்தையோ ஏஜென்ட் கையில் வாங்கவே கூடாது என்பது அங்கே சட்டம். பணத்தை வீட்டுக்காரர் கணக்குக்கு வங்கி மூலம் அனுப்புங்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்தானதும் பதினான்கு நாளுக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். ஓராண்டு ஒப்பந்தத்துக்கு மொத்த வாடகையில் 0.4 சதவீதம். மாதம் 700 டாலர் வாடகை என்றால் ஆண்டுக்கு 8,400, தீர்வை 33 டாலர். இந்த 33 டாலரை மிச்சம் பிடிக்கப் பார்க்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தீர்வை கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் சாட்சியமாக ஏற்க மாட்டார்கள். குடிபோன பிறகு சிங்பாஸ் (அங்கே அரசு இணையச் சேவைகளுக்கான அடையாளக் கணக்கு) மூலம் வீவக இணையதளத்தில் உங்கள் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். முகவரி மாறியதைக் கம்பெனிக்கும் சொல்லுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்து, காலி செய்யும்போது முன்பணத்தைத் தரவில்லையென்றால், சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்கு மேற்படாத குடியிருப்பு வாடகை ஒப்பந்தங்களில் 20,000 டாலர் வரையிலான வழக்கை அங்கே போடலாம். வக்கீல் தேவையில்லை, வக்கீலை உள்ளே விடவும் மாட்டார்கள். அந்த மன்றத்தின் வாசல் வரை நானும் போனேன். காட்டுவதற்கு ஒரு காகிதம்கூட இல்லாமல் திரும்பி வந்தேன்.

என் ஆயா பர்மாவில் இருந்து வந்து வியாசர்பாடியில் குடியேறியவர். 1962-ல் அங்கே ராணுவ ஆட்சி வந்தபிறகு கடை, தொழில் எல்லாம் போய் லட்சக்கணக்கானோர் கப்பலேறினார்களே, அந்தக் கூட்டத்தில் ஒருவர். இறங்கியபோது கொடுத்த சீட்டைச் சாகும் வரை தகரப் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் வைத்திருந்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. ஆனால் வீட்டை விட்டு வெளியே போனால் பெட்டிச் சாவி இடுப்பிலேயே இருக்கும். சின்ன வயதில் அது எங்களுக்குப் புரியவில்லை.

டீக்கடையில் பார்த்த தம்பி அன்று இரவே பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறான். "வா, வந்து பேசிக்கலாம்" என்று பதில் வந்ததாம். ஒப்பந்தத்தின் நகலையும் வீட்டுக்காரர் பெயரையும் கேள் என்று சொல்லியிருக்கிறேன்.

சிங்பாஸ்

யாருக்கும் கொடுக்காதீர்கள். கூடப் பிறந்த அண்ணன் கேட்டாலும் கிடையாது. வங்கிக் கணக்கும் உங்கள் பெயரில் வாங்கிய சிம்மும் அப்படியே. மோசடிக்காரன் கைக்கு அவை போனால் போலீஸ் முதலில் வந்து நிற்பது உங்கள் கதவில்.

டாலரை ரூபாயாகப் பெருக்கிப் பார்த்துச் சாப்பிடாமல் இருப்பது

இது எல்லோருக்கும் வரும். ஒரு டீயின் விலையைப் பெருக்கிப் பார்த்தால் ஊரில் ஒரு வேளைச் சாப்பாடு வந்துவிடும், மனசு கேட்காது. என் அறையில் இருந்த ஒருவர் காலையில் தண்ணீர், மதியம் பிரெட், இரவு சோறு என்று மூன்று மாதம் ஓட்டினார். வெயிலில் நின்று செய்கிற வேலை. ஒருநாள் ஏணியிலேயே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். முதல் ஆறு மாதம் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள், வீட்டுக்கு அனுப்புவது கொஞ்சம் குறையட்டும். இதைக் கிளம்பும் முன்பே அம்மா அப்பாவிடம் சொல்லிவிட்டால் போனில் மனஸ்தாபம் வராது.

அடிபட்டதை மறைப்பது

வேலை போய்விடும் என்று பயந்து கைலியைக் கிழித்துக் கட்டிக்கொண்டு மறுநாள் வேலைக்கு வருகிறார்கள். செய்யாதீர்கள். வேலையில் காயம்பட்டால் மருத்துவச் செலவும் மருத்துவ விடுப்புச் சம்பளமும் சட்டப்படி முதலாளி பொறுப்பு. இழப்பீடு கேட்க விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டு அவகாசம். அன்றைக்கே மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள், படம் எடுத்து வையுங்கள், டாக்டரிடம் எங்கே எப்படி நடந்தது என்று சொல்லி எழுத வையுங்கள். எஸ் பாஸ் உள்ளவருக்கு முதலாளி மருத்துவக் காப்பீடும் எடுத்திருக்க வேண்டும். 2023 ஜூலையிலிருந்து அதன் குறைந்தபட்ச அளவு ஆண்டுக்கு 60,000 டாலர். அந்தக் காப்பீடு இருக்கிறதா என்று சேர்ந்த முதல் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள்.

டெக்காவில் ஞாயிறு சாயங்காலம்

லிட்டில் இந்தியாவில் இருக்கும் சந்தைப் பகுதி இது. போங்கள், சாப்பிடுங்கள், நண்பர்களைப் பாருங்கள். திறந்தவெளியில் உட்கார்ந்து பாட்டிலைத் திறக்காதீர்கள். 2013 டிசம்பரில் அங்கே நடந்த கலவரத்துக்குப் பிறகு, 2015-ல் வந்த சட்டம் லிட்டில் இந்தியாவில் வார இறுதி முழுக்கப் பொது இடத்தில் குடிப்பதைத் தடுக்கிறது.

ஊர் சிம்மைச் சாகவிடுவது

வங்கியின் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். தொண்ணூறு நாள் எந்தப் பயன்பாடும் இல்லாவிட்டால் எண் கைவிட்டுப் போகலாம். ரோமிங்கில் அதற்குக் குறுஞ்செய்தி வருகிறதா என்று இங்கேயே கேட்டு வைத்துக்கொண்டு, தவறாமல் ரீசார்ஜ் செய்யுங்கள். வேலைக்கு வெளிநாடு போனதும் ஊர் சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக (வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரில் வைத்திருக்கும் கணக்கு) மாற்ற வேண்டும் என்பது விதி. எண் உயிரோடு இருக்கும்போதே அதையும் முடித்துவிடுங்கள்.

கிளம்பும்போது கணக்கை மூடுவது

வேலையை விட்டு ஊர் திரும்பும்போது, உங்கள் வருமான வரிக் கணக்கை முடிக்கும் வரை கம்பெனி கடைசிச் சம்பளத்தை நிறுத்தி வைக்கும். யாரும் ஏமாற்றவில்லை, அங்கே அதுதான் நடைமுறை, எனக்கும் நிறுத்தி வைத்தார்கள். வரி போக மீதி உங்கள் சிங்கப்பூர் கணக்குக்குத்தான் வரும். அது வந்து சேரும் வரை கணக்கையும் அதோடு இணைத்த சிங்கப்பூர் எண்ணையும் விட்டுவிடாதீர்கள். அறைச் சாவியைக் கொடுக்கும் அன்று சுவர், கட்டில், குளியலறை எல்லாவற்றையும் வீட்டுக்காரர் முன்னாலேயே படம் எடுங்கள். முன்பணம் கணக்கில் ஏறியதைப் பார்த்தபிறகு விமான நிலையத்துக்குக் கிளம்புங்கள்.