டிசைன் போர்ட்ஃபோலியோ: படம் நன்றாக இருந்தும் எடுபடாமல் போவது ஏன்?

போர்ட்ஃபோலியோ என்பது நீங்கள் செய்த வடிவமைப்புகளைக் காட்டும் தொகுப்பு. நல்ல வேலைகள் இருந்தும் பதில் வராத போர்ட்ஃபோலியோக்களில் குறை பெரும்பாலும் எழுத்தில்தான் இருக்கும். லோகோவையும் நிறங்களையும் பார்ப்பவரே பார்த்துக்கொள்வார். ஏன் அப்படிச் செய்தீர்கள், எதை ஒதுக்கினீர்கள், அதில் உங்கள் பங்கு எவ்வளவு என்பதை நீங்கள் எழுதினால்தான் அவருக்குத் தெரியும்.

முதல் தவறு, எந்த வேலைக்கும் பொருந்துகிற வாக்கியம். மாத்திரை நேரத்தை நினைவூட்டும் ஒரு செயலியை எடுத்துக்கொள்வோம். “பயனர் அனுபவத்தை மேம்படுத்தும் எளிய, நவீன வடிவமைப்பு” என்று எழுதினால், அதே வரியை வங்கிச் செயலிக்கும் ஒட்டலாம். இப்படி எழுதிப் பாருங்கள்: “ஒரு மாத்திரையைப் பதிய 5 திரைகளைத் தாண்ட வேண்டியிருந்தது. சோதித்துப் பார்த்த முதியவர்கள் மூன்றாவது திரையிலேயே நின்றுவிட்டார்கள். பெயர், நேரம், அளவு மூன்றையும் ஒரே திரையில் வைத்தேன். திரை நெருக்கமானதால் படங்களை எடுத்துவிட்டு எழுத்தைப் பெரிதாக்கினேன்.” சிக்கல், முடிவு, அதற்காக விட்டுக்கொடுத்தது என எல்லாம் நான்கே வரிகளில் வந்துவிட்டன. இதில் கடைசி வரியைப் பலர் எழுதுவதே இல்லை; அனுபவமுள்ளவர்கள் தேடுவது அதைத்தான்.

அடுத்தது “வடிவமைக்கப்பட்டது”, “மேற்கொள்ளப்பட்டது” என்று எழுதுவது. யார் செய்தது என்பதே அதில் மறைந்துபோகிறது. குழுவாகச் செய்த வேலையென்றால், ஒவ்வொரு ப்ராஜெக்டின் தொடக்கத்திலும் ஒரே வரியில் சொல்லிவிடுங்கள்: “4 பேர் குழு, 6 வாரம்; திரை வடிவமைப்பும் ஐகான்களும் என்னுடையவை, பயனர் நேர்காணல்களை இன்னொருவர் நடத்தினார்.” மற்றவர் பங்கைச் சொல்வதால் உங்கள் மதிப்பு குறையாது. சொல்லாமல் விட்டு வேலைக்கான நேர்காணலில் தடுமாறினால்தான் குறையும். பயிற்சிக்காக நீங்களே மாற்றி வரைந்த பிரபல நிறுவனத்தின் லோகோ என்றால், அதையும் வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள்.

டபுள் டயமண்ட் வரைபடம் (வடிவமைப்பின் கட்டங்களை இரண்டு வைர வடிவங்களில் காட்டுவது), சுவர் நிறைய ஒட்டிய ஸ்டிக்கி நோட்டுகளின் படம், பர்சோனா அட்டை (மாதிரிப் பயனர் ஒருவரின் குறிப்பு) எனச் செயல்முறையை வரிசையாகக் காட்டுவதும் பழகிப்போன தவறு. பயனர்களிடம் பேசித் தெரிந்துகொண்ட எந்த விஷயம் வடிவமைப்பை மாற்றியது என்று சொல்ல முடிந்தால் படத்தை வையுங்கள். முடியாவிட்டால் எடுத்துவிடுங்கள்.

செய்ததையெல்லாம் அடுக்காதீர்கள். 4 முதல் 6 ப்ராஜெக்ட் போதும், வலுவானது முதலில் வரட்டும். தயங்கித் தயங்கிச் சேர்க்கும் ஏழாவது, மற்ற ஆறின் தரத்தையும் சேர்த்து இழுத்துவிடும்.

விளக்கத்தைப் படத்துக்குள்ளேயே எழுதி ஜேபெக்காக ஏற்றுவது இன்னொரு பெரிய பிழை. கணினியில் அழகாகத் தெரியும் வரி, கைபேசியில் பொடியாகச் சுருங்கிவிடும். தேடுபொறிக்கு அது எளிதில் எட்டாது; ஆல்ட் டெக்ஸ்டும் (படத்துக்கான எழுத்து விளக்கம்) இல்லையென்றால், ஸ்கிரீன் ரீடரில் (திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருள்) கேட்பவருக்கு அங்கே ஒன்றுமே இல்லை. எழுத்தை எழுத்தாகவே வையுங்கள்: குறைந்தது 16 பிக்சல் அளவு, பின்னணியோடு குறைந்தது 4.5:1 கான்ட்ராஸ்ட் (ஒளி வேறுபாடு). வெள்ளையில் வெளிர்சாம்பல் எழுத்து வடிவமைப்பாளர்களுக்குப் பிடிக்கும், படிப்பவரின் கண்ணுக்குப் பிடிக்காது. படங்கள் 2000 பிக்சல் அகலத்துக்குள், வெப்பி (WebP) வடிவத்தில் இருந்தால் பக்கம் சீக்கிரம் திறக்கும். பிடிஎஃப் அனுப்புவதானால் 10 எம்பிக்குள் அடக்குங்கள்.

ரகசிய ஒப்பந்தம் உள்ள வேலையில் பெயரை மட்டும் மறைத்தால் போதாது. திரையில் உள்ள எண்களும் சொற்களும் காட்டிக்கொடுத்துவிடும். எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கிடைக்காவிட்டால் அந்த வேலையைச் சேர்க்க வேண்டாம்.

அனுப்பும் முன் எல்லா இணைப்புகளையும் உங்கள் கணக்குகள் உள்நுழைந்திராத இன்காக்னிட்டோ விண்டோவில் திறந்து பாருங்கள். ஃபிக்மா (வடிவமைப்புக் கருவி), கூகுள் டிரைவ் கோப்புகள் நீங்கள் உள்நுழைந்திருப்பதால் உங்களுக்குத் திறக்கும். பகிர்வு அமைப்பை மாற்றாமல் விட்டிருந்தால், மற்றவருக்கு அனுமதி கேட்கும் பக்கம்தான் வரும்.