தமிழ்வழியில் படிக்கும் மாணவர் ஆங்கிலத்தில் வாக்கியம் கட்டப் பழகுவது எப்படி?

ஆங்கிலப் பாடத்தின் நெடுவினாவுக்கு ஒரு பக்க விடையைப் பிழையில்லாமல் எழுதித் தரும் பத்தாம் வகுப்பு மாணவரிடம், "இன்று காலை என்ன சாப்பிட்டாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டால், "இட்லி" என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடுவதைத் தமிழ்வழி வகுப்பறைகளில் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். ஒரு பக்கத்தை எழுத்துப் பிசகாமல் மனப்பாடம் செய்வது எளிய வேலையில்லை. எனவே அவரிடம் அறிவும் உழைப்பும் குறைவென்று சொல்ல முடியாது. அவர் இதுவரை கற்றதெல்லாம் பிறர் எழுதி வைத்த விடைகள் மட்டுமே; சொந்தமாக ஒரு வாக்கியம் கட்டும் வேலையை யாரும் அவர் கையில் கொடுக்கவில்லை. மூன்றாம் வரியில் ஒரு சொல் மறந்தால் நான்காம் வரியும் சேர்ந்து மறந்துபோவது அதனால்தான். நானும் தமிழ்வழியில் அப்படிப் படித்து, தேர்வறையில் ஒரு சொல் நினைவுக்கு வராமல் அரைப் பக்கத்தை வெற்றிடமாக விட்டு எழுந்தவன் என்பதால், இதைக் குறையாகச் சொல்லவில்லை.

இக்கட்டுரை ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படிப்பவர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் உரியது. 1968 முதல் தமிழ்நாட்டில் இருமொழிக் கொள்கை நடைமுறையில் இருப்பதால் ஆங்கிலம் எல்லாப் பள்ளிகளிலும் பாடமாக இருக்கிறது. ஆனால், அந்த ஒரு பாடவேளை முடிந்து மணி அடித்தவுடன் அதைக் கேட்பதற்கும் பேசுவதற்கும் இடமில்லாத ஊர்களே மிகுதி. ஆங்கிலத்தை எந்தப் பெயரால் அழைத்தாலும், அத்தகைய ஊரில் படிக்கும் மாணவருக்கு அது அயல்மொழிதான். அயல்மொழியைக் கற்பதற்குரிய முறையிலேயே அதைக் கற்க வேண்டும். அம்முறைக்கு வேண்டிய முதற்கருவி அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. அது அவருடைய தமிழ் இலக்கணம்.

காதும் நாவும்

வல்லின மெய் சொல்லின் இறுதியில் வராது என்று தமிழ் வகுப்பில் படித்திருப்பீர்கள். மூக்கு, பாட்டு, காற்று என்று நம் சொற்கள் குற்றியலுகரத்தில் முடிவது அந்த விதிப்படிதான். எழுதப் படிக்கத் தெரியாதவர் நாவிலும் இவ்விதி ஊறியிருப்பதால், ஆங்கிலத்தின் 'புக்' நம்மிடம் 'புக்கு' ஆகிறது. 'கப்' 'கப்பு' ஆகிறது. மெய்யெழுத்து மொழிக்கு முதலில் வராது என்ற விதியால் 'ஸ்கூல்' 'இஸ்கூல்' ஆகிறது. இதற்காக யாரேனும் சிரித்தால் வெட்கப்பட வேண்டியதில்லை. எந்த இடத்தில் உகரமோ இகரமோ ஒட்டிக்கொள்கிறது என்று தெரிந்துவிட்டால் அதைக் கழற்றுவது எளிது. பத்துச் சொற்களைக் கைபேசியில் பதிவு செய்து, இறுதியில் ஓர் 'உ' கேட்கிறதா என்று நீங்களே கேட்டுப் பாருங்கள். ஒரு வாரத்தில் காது பழகிவிடும், காது பழகினால் நாவும் பின்னாலேயே வந்துவிடும்.

அடுத்தது, ஆங்கில வரிக்கு மேல் பென்சிலால் தமிழில் உச்சரிப்பை எழுதிக்கொள்ளும் பழக்கம். இதைக் கட்டாயம் விட வேண்டும். 'பம்பரம்' என்ற சொல்லில் முதல் 'ப'வையும் இரண்டாம் 'ப'வையும் நாம் ஒரேபோல் ஒலிப்பதில்லை. 'ம்' என்ற மெல்லினத்தின் பின் வரும்போது அது தானே குழைந்துவிடுகிறது. தமிழில் இவ்வேறுபாடு இடத்தைப் பொறுத்து வருவதால் இரண்டுக்கும் ஓர் எழுத்தே போதும். ஆங்கிலத்திலோ அந்த வேறுபாடு பொருளையே மாற்றிவிடும். பன்றியைக் குறிக்கும் சொல்லையும் 'பெரிய' என்று பொருள்படும் சொல்லையும் தமிழ் எழுத்தில் எழுதினால் இரண்டும் 'பிக்' என்றே வரும். இக்கட்டுரையில் நானும் ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில்தான் தருகிறேன். நீங்கள் உங்கள் நோட்டில் அவற்றை ஆங்கில எழுத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஓர் ஆறுதலும் உண்டு. ஆங்கிலத்தில் மிக அதிகமாக வரும் 'த' என்ற சுட்டுச்சொல்லின் ஒலி பலருக்குக் கடினம் என்பார்கள். நமக்கோ 'அது' என்று சொல்லும்போது இரண்டாம் எழுத்தில் வரும் ஒலி ஏறக்குறைய அதுவே.

எழுத்துக்கூட்டல் ஏன் இப்படித் தாறுமாறாக இருக்கிறது என்ற கேள்விக்கு விடை வரலாற்றில் இருக்கிறது. வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்தின் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் அமைத்த ஆண்டு 1476. அச்சு பரவப் பரவ எழுத்துக்கூட்டல் உறைந்துகொண்டே வந்தது. பேச்சொலிகளோ அந்த நூற்றாண்டுகளில் வேகமாக மாறிக்கொண்டிருந்தன. படைவீரனைக் குறிக்கும் 'நைட்' என்ற சொல்லில் முதலில் நிற்கும் 'கே' ஒரு காலத்தில் உண்மையாகவே ஒலித்தது. இன்று எழுத்து மட்டும் மிஞ்சியிருக்கிறது. எனவே சொற்களைத் தனித்தனியே உருப்போடாமல் குடும்பமாகச் சேர்த்து எழுதுங்கள். நைட், லைட், ரைட், ஃபைட் ஆகிய நான்கையும் ஒரே வரியில் எழுதினால், இறுதியிலுள்ள ஐ-ஜி-எச்-டி என்ற வால் கைக்குப் பழகிவிடும்.

வாக்கியத்தைப் புரட்டிப் போடுதல்

பெரும்பாலான மாணவர் தடுக்கி விழும் இடம் இதுதான் என்பதால், சற்று நின்று பார்ப்போம்.

"நான் நேற்று மதுரைக்குப் பேருந்தில் போனேன்" என்பது ஆங்கிலத்தில் "ஐ வென்ட் டு மதுரை பை பஸ் எஸ்டர்டே" என்றாகும். தமிழில் கடைசியில் நின்ற வினை, ஆங்கிலத்தில் எழுவாயின் அருகே வந்து நிற்கிறது. 'மதுரைக்கு' என்பதில் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருந்த 'கு' உருபு, 'டு' ஆகிப் பெயருக்கு முன்னால் போய்விட்டது. 'பேருந்தில்' என்பதன் 'இல்' என்ற உருபும் 'பை' ஆகி முன்னே நகர்ந்துவிட்டது. தமிழில் பின்னால் ஒட்டுவன ஆங்கிலத்தில் முன்னால் நிற்கும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதி இலக்கணம் கைக்கு வந்துவிடும். வேற்றுமை அட்டவணையை எடுத்து வைத்து, 'ஓடு' என்றால் 'வித்', 'கு' என்றால் 'டு' அல்லது 'ஃபார்' என்று எதிரே எழுதிக்கொள்ளலாம். ஆனால் ஒன்றுக்கு ஒன்று என்று கச்சிதமாகப் பொருந்தாது. நம் 'இல்' இடத்துக்கேற்ப இன், ஆன், அட், பை எனப் பலவாகப் பிரியும். அதைச் சொல்லோடு சேர்த்துக் கேட்டுப் பழகுவதைத் தவிர வேறு வழியில்லை.

பெயரெச்சமும் இப்படியே புரளும். "அப்பா நேற்று சந்தையில் வாங்கிய ஆடு இன்று காலை ஓடிவிட்டது" என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். எது ஓடியது? ஆடு. அதை முதலில் வையுங்கள்: "த கோட்". எந்த ஆடு? தமிழில் ஆட்டுக்கு முன்னால் வந்த விளக்கம் முழுவதையும் 'தட்' என்ற சொல்லால் கட்டி ஆட்டுக்குப் பின்னால் வையுங்கள்: "தட் மை ஃபாதர் பாட் இன் த மார்க்கெட் எஸ்டர்டே". பிறகு அதற்கு என்ன ஆயிற்று? "ரேன் அவே திஸ் மார்னிங்". நாளொன்றுக்கு இத்தகைய வாக்கியம் ஒன்றை, உங்கள் வீட்டில் நடந்ததை வைத்தே, இப்படி மூன்று துண்டாக்கிப் புரட்டி எழுதினால் போதும்.

தமிழில் இல்லாத இரண்டை ஆங்கிலம் கேட்கும். "அவர் ஆசிரியர்" என்ற தமிழ் வாக்கியத்தில் வினையே இல்லை. ஆங்கிலத்தில் 'இஸ்' இல்லாமல் அது நிற்காது. "எனக்குப் பசிக்கிறது", "எனக்கு இரண்டு தங்கைகள்" என்றெல்லாம் நாம் 'எனக்கு' என்று தொடங்கும் இடங்களில் ஆங்கிலம் பெரும்பாலும் 'ஐ' என்றே தொடங்கும்: ஐ ஆம் ஹங்ரி, ஐ ஹாவ் டூ சிஸ்டர்ஸ்.

'டிட் நாட் வென்ட்' என்ற பிழையைத் திருத்தித் திருத்திச் சலித்த பின், தமிழைக் காட்டியதும் அது ஒரே நாளில் நின்றதை வகுப்பில் கண்டிருக்கிறேன். 'போகவில்லை' என்ற சொல்லில் 'போக' என்பது காலம் காட்டுகிறதா? காட்டவில்லை. 'போனவில்லை' என்று யாராவது சொல்வார்களா? சொன்னால் வகுப்பே சிரிக்கும். அதேபோலத்தான் 'டிட்' காலத்தை எடுத்துக்கொண்ட பிறகு, பின்னால் வரும் வினை காலம் காட்டாமல் 'கோ' என்றே நிற்க வேண்டும்.

பன்னிரண்டு காலங்களின் அட்டவணையைச் சுவரில் ஒட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். முதல் ஆண்டில் நான்கு போதும்: ஐ கோ, ஐ ஆம் கோயிங், ஐ வென்ட், ஐ வில் கோ. மற்ற எட்டும் படிக்கப் படிக்கத் தாமே வந்து சேரும். 'அ', 'ஆன்', 'த' ஆகிய மூன்றின் நுட்பங்களையும் இப்போதைக்குப் பெரிதாக எண்ண வேண்டாம். 'ஆன்' இடுவது பின்வரும் சொல்லின் உயிரொலியைப் பார்த்து, எழுத்தைப் பார்த்து இல்லை என்பது மட்டும் நினைவிருக்கட்டும். நம்மிடம் இருந்து ஆங்கிலத்தில் இல்லாதவையும் உண்டு. 'எத்தனையாவது' என்று கேட்க அவர்களிடம் ஒரு சொல் இல்லை. 'நாம்', 'நாங்கள்' இரண்டுக்கும் 'வி' ஒன்றே.

எந்தச் சொற்கள், எத்தனை?

டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றி, வங்க மாணவர்களுக்கு ஆங்கில வாசிப்பு நூல்கள் உருவாக்கிய மைக்கேல் வெஸ்ட், 1953இல் ஏறத்தாழ 2000 அடிப்படைச் சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்றை வெளியிட்டார். சாதாரணமான ஆங்கில எழுத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் இத்தகைய சொற்களாலேயே ஆனது. ஆகவே அகராதியின் முதல் பக்கத்திலிருந்து சொற்களை உருப்போடும் முயற்சி வீண். நாளுக்கு 5 சொல் என்றால் ஓராண்டில் 1825 சொற்கள், அது போதும். பாடத்தின் கடைசியிலுள்ள அருஞ்சொற்களைவிட, பாடத்துக்குள் திரும்பத் திரும்ப வரும் எளிய சொற்களையே முதலில் எடுங்கள்.

பழைய அழைப்பிதழ் அட்டைகளைத் துண்டுகளாக வெட்டி, ஒரு பக்கம் ஆங்கிலச் சொல்லும் அது வரும் சிறு வாக்கியமும், மறுபக்கம் தமிழ்ப் பொருளும் எழுதுங்கள். கற்றது எவ்வளவு விரைவில் மறக்கிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் தம்மையே சோதித்து 1885இல் எழுதினார். இடைவெளி விட்டுத் திரும்பப் பார்ப்பதே மறதிக்கு மருந்து. எனவே ஓர் அட்டையை மறுநாளும், மூன்றாம் நாளும், ஒரு வாரம் கழித்தும், ஒரு மாதம் கழித்தும் எடுத்துப் பாருங்கள். ஒரே இரவில் இருபது முறை எழுதுவது கைவலியைத்தான் தரும்.

வாசிப்பும் பேச்சும்

ஒன்பதாம் வகுப்பு மாணவர் நான்காம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலை வாசிப்பதில் இழுக்கு எதுவும் இல்லை. அரசுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு பக்கத்தில் ஐந்து சொற்களுக்கு மேல் தெரியவில்லை என்றால் அதை வைத்துவிட்டு ஒரு வகுப்பு கீழே இறங்குங்கள்.

பேச்சுக்கு ஒரு வழி நம் பக்கத்திலிருந்தே வந்தது. பெங்களூரில் ஆங்கிலம் கற்பிக்கும் முறைகளை ஆராய்ந்த என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை நடத்திய திட்டத்தில், மாணவர்களுக்கு இலக்கண விதியைச் சொல்லித் தராமல், ரயில் கால அட்டவணை போன்றவற்றைக் கொடுத்துக் கணக்குப் போட வைத்தார்கள். கவனம் பொருளின்மேல் இருக்கும்போது மொழி தானே படியும் என்பது அவர் கருத்து. நான் மேலே சொன்ன இலக்கண ஒப்பீட்டுக்கு இது எதிரானதுதான். என் அனுபவத்தில் எழுதும்போது ஒப்பீடும், பேசும்போது பிரபுவின் முறையும் பயன்படுகின்றன. பேசும் நேரத்தில் விதியை நினைத்தால் வாய் அடைத்துக்கொள்ளும். இரண்டு நண்பர்கள் உட்கார்ந்து, உங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்து நேரப் பட்டியலைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர், காலை பத்து மணிக்குள் திருச்சி போய்ச் சேர எந்தப் பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்கட்டும். மற்றவர் பட்டியலைப் பார்த்து விடை சொல்லட்டும். இடையில் தமிழ் கலந்தாலும் நிறுத்தாமல் விடை கிடைக்கும்வரை பேச வேண்டும். பிழை திருத்தம் பிறகு.

இரவில் படுக்கும் முன் அன்று நடந்ததைப் பற்றி மூன்றே வாக்கியம் ஆங்கிலத்தில் எழுதுங்கள். வாரம் ஒரு முறை அதை ஆசிரியரிடம் காட்டும்போது எல்லாப் பிழைகளையும் திருத்தச் சொல்லாதீர்கள். இந்த வாரம் வினையின் காலம் மட்டும், அடுத்த வாரம் 'டு', 'பை' போன்ற முன்னிடைச்சொற்கள் மட்டும் என்று கேளுங்கள். பக்கம் முழுவதும் சிவப்பு மை ஓடிய நோட்டை யாரும் திரும்பத் திறப்பதில்லை.

ஆங்கிலம் தெரியாத பெற்றோர், தம்மால் இதில் ஒன்றும் செய்ய இயலாது என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அந்த மூன்று வாக்கியங்களைப் பிள்ளையை உரக்கப் படிக்கச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் தமிழில் பொருள் கேளுங்கள். அன்று வீட்டில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். பிள்ளை சொல்லும் தமிழ் அதோடு பொருந்துகிறதா என்று பார்க்க ஆங்கிலம் வேண்டியதில்லை. "ஆடு ஓடியதா, ஆட்டை விற்றோமா?" என்று நீங்கள் குறுக்கே கேட்கும் ஒரு கேள்விக்காகவே பிள்ளை தான் எழுதிய வாக்கியத்தை இன்னொரு முறை குனிந்து பார்க்கும்.