பிப்ரவரியில் மிளகாய் முளைக்க ஹீட்டர் தட்டு வேண்டாம்

லண்டன் பக்கம் அலாட்மெண்ட் (வாடகைக்கு எடுத்த சிறு தோட்ட நிலம்) வைத்திருப்பவர்கள் மிளகாய், கத்தரி விதைகளை பிப்ரவரியில் நேராக மண்ணில் போடாமல், நனைத்துப் பிழிந்த கிச்சன் டிஷ்யூவில் பரப்பி, மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, சுடுதண்ணீர் சிலிண்டர் இருக்கும் அலமாரிக்குள் வையுங்கள். சிலிண்டர் இல்லாமல் தேவைப்படும்போதே தண்ணீரைச் சூடாக்கும் காம்பி பாய்லர் வீடுகளில் அந்த அலமாரி இருக்காது. ரேடியேட்டருக்குப் பக்கத்துத் தட்டு போதும், அதன் மேலேயே வைத்தால் விதை வெந்துவிடும்.

இந்த விதைகள் முளைக்க 25 டிகிரி அளவு சூடு வேண்டும், வெளிச்சம் தேவையில்லை. ஜன்னலோரத் தொட்டி இரவில் குளிர்ந்துபோய் வாரக்கணக்கில் சும்மா கிடக்கும். முளைத்த விதையை மட்டும் நடுவதால் கம்போஸ்டும் மிச்சம்.

ஐந்தாம் நாளிலிருந்து தினமும் திறந்து பாருங்கள். வெள்ளை வேர் 2, 3 மில்லிமீட்டர் எட்டிப் பார்த்ததும் பல்குத்தியால் எடுத்து, வேர் கீழே இருக்கும்படி அரை சென்டிமீட்டர் ஆழத்தில் வையுங்கள். தாமதித்தால் வேர் டிஷ்யூவுக்குள் புகுந்து, எடுக்கும்போது முறியும். அப்புறம் தொட்டியை நல்ல வெளிச்சத்துக்கு மாற்றிவிடுங்கள்.

கேரட்டுக்கு இது சரிவராது, வேர் கிளைத்துவிடும். லெட்யூஸ் விதை சூட்டில் முளைக்கவே மறுக்கும். தக்காளி முளைக்கும்தான். ஆனால் மே நடுப்பகுதி வரை உறைபனி வரலாம் என்பதால், கண்ணாடிக் கூடாரம் இல்லாதவர்கள் மார்ச் பாதிவரை பொறுப்பது நல்லது. இல்லையென்றால் வீட்டுக்குள்ளேயே நெட்டையாக வளர்ந்து சாய்ந்துவிடும்.