‘ப்ளீக் ஹவுஸ்’ நாவலைப் பாதியில் மூடாமல் படிக்க

சார்ல்ஸ் டிக்கன்ஸின் ‘ப்ளீக் ஹவுஸ்’ மொத்தம் 67 அத்தியாயம். எடுத்த எடுப்பிலேயே லண்டன் முழுக்கச் சேறு, மூடுபனி, நடுவில் உயில், சொத்துத் தகராறுகளை விசாரிக்கும் சான்சரி நீதிமன்றம். அங்கே இழுத்துக்கொண்டு கிடக்கும் ஜார்ண்டைஸ் வழக்கு என்னவென்று பிடிபடாமல் பலர் புத்தகத்தை வைத்துவிடுகிறார்கள். பிடிபட வேண்டியதே இல்லை. உயில் தகராறு, அவ்வளவுதான். உயிரோடு இருக்கிற எவருக்கும் அது விளங்காது என்று டிக்கன்ஸே சொல்லிவிடுகிறார். அதற்குப் பதில் அந்த மரக்குதிரையைத் தேடுங்கள். வழக்கு முடிந்ததும் மரக்குதிரை வாங்கித் தருகிறோம் என்று ஒரு குழந்தையிடம் சொல்லியிருந்தார்கள். அது வளர்ந்து, நிஜக் குதிரையே வாங்கி, செத்தும் போயாயிற்று. வழக்கு மட்டும் அப்படியே இருக்கிறது.

கதை சொல்வது இரண்டு குரல்கள். ஒன்று நிகழ்காலத்தில் பேசும் கோபக்காரக் குரல். மற்றது எஸ்தர் சம்மர்சன் என்ற பெண்ணுடையது. அவளுடைய அடக்கம் சில சமயம் எரிச்சலூட்டும்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாத்திரங்கள் ஏராளம். வம்சாவளி வரைவது எனக்கு ஒத்துவராது. ஒரு தாளின் நடுவே கோடு போட்டு, வழக்கால் வரவு யாருக்கு, செலவு யாருக்கு என்று எழுதிக்கொண்டே போவேன். இளைஞன் ரிச்சர்ட், கூண்டுப் பறவைகளோடு தீர்ப்புக்குக் காத்திருக்கும் மிஸ் ஃப்ளைட், கத்திக் கத்தி ஓய்ந்த கிரிட்லி எல்லோரும் செலவுப் பக்கம். தெருக்கூட்டும் சிறுவன் ஜோவுக்கும் வழக்குக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் அவன் முடங்கும் இடிந்த குடியிருப்பு சான்சரியில் சிக்கிய சொத்து. அவனையும் செலவில்தான் எழுத வேண்டும்.

வரவுப் பக்கத்தில் வோல்ஸ் என்ற வக்கீலை விடாதீர்கள். 39ஆம் அத்தியாயத்தை நிதானமாகப் படியுங்கள். தோலை உரிப்பதுபோல் கறுப்புக் கையுறையைக் கழற்றுகிறார். இந்த மேசைதான் உங்களுக்குப் பாறை என்று ரிச்சர்டிடம் தட்டிக் காட்டுகிறார். அது சவப்பெட்டி மாதிரி வெறுமையாக ஒலிக்கிறது. குரல் உயர்த்தாமல், சட்டப்படியே ஒருவனைக் காலி செய்கிற ஆள். நாவலிலேயே எனக்கு அதிகம் பயம் தந்தவர் அவர்தான்.

32ஆம் அத்தியாயத்தைச் சாப்பிட்ட கையோடு படிக்காதீர்கள்.

வேகம்? 1852 மார்ச் முதல் 1853 செப்டம்பர் வரை மாதாமாதம் ஒரு ஷில்லிங் விலையில் வந்த தொடர் இது. ஓர் இதழுக்கு மூன்று நான்கு அத்தியாயம், ஓர் உட்காரலுக்கும் அதுவே சரியாக இருக்கும். கடைசி இதழ் மட்டும் இரட்டை இதழ், அதனால் முடிவை ஒரே மூச்சில் படிக்கலாம். 65ஆம் அத்தியாயத்தை மட்டும் முன்கூட்டிப் புரட்டிவிடாதீர்கள், தாளின் கணக்கு தீர்வது அங்கேதான்.

முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். அன்றைக்கு நிஜமாகவே நடந்துகொண்டிருந்த ஒரு வழக்கை அதில் டிக்கன்ஸ் குறிப்பிடுகிறார்: ஏறக்குறைய 20 வருடமாக ஓடுகிறது, இதுவரை செலவு 70,000 பவுண்டு. அதுவும் இரு தரப்பும் சுமுகமாகப் போட்ட வழக்காம்.