குறிப்புச்சட்டத்தில் எவ்வளவு எழுதுவது?

'முன்னுரை, பொருளுரை, முடிவுரை' என்று எழுதி, ஸ்கேல் வைத்து அடிக்கோடும் போட்டுவிட்டால், கட்டுரைக்கு முன்னால் போட்டுக்கொள்ளும் குறிப்புச்சட்டம் முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் மதுரை செல்லூரில் என் டியூஷனுக்கு வரும் பிள்ளைகளில் பாதிப்பேர். அந்த மூன்று சொல் எந்தக் கட்டுரைக்கும் பொருந்தும். அதனாலேயே எதற்கும் உதவாது. மீதிப்பேர் நேர்மாறு. குறிப்பிலேயே முழுக் கட்டுரையையும் எழுதிவிட்டு, அதையே நல்ல தாளில் பார்த்து எழுதுவார்கள். எழுதும்போது புதிதாக ஒன்று தோன்றினால் அதை நுழைக்க இடமிருக்காது.

"அப்ப எவ்வளவுதான் சார் எழுதணும், அரைப் பக்கமா, ஒரு பக்கமா?"

பக்கக் கணக்கு நான் சொல்வதில்லை. எழுதிக்கொண்டு போகும்போது எது மறந்துபோகுமோ அது குறிப்பில் இருக்கட்டும். தானாக வருவதை விட்டுவிடுங்கள். ஆண்டு, பெயர், அளவு, எதற்கடுத்து எது என்ற வரிசை, இந்தப் பத்தியில் என்ன சொல்ல வந்தோம் என்பது, இவையெல்லாம் மறக்கும். வருணனையும் உவமையும் பேனா ஓட ஆரம்பித்தால் வந்துவிடும்.

பெரியாறு அணையை எடுத்துக்கொள்வோம். எங்கள் பக்கம் கட்டுரைப் போட்டி என்றால் அதைக் கட்டிய ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுக் வராமல் இருக்க மாட்டார். பிள்ளைகள் 'அணையின் வரலாறு' என்று உட்தலைப்பு போடுவார்கள். வரலாற்றில் என்ன? அதில் வினைச்சொல்லே இல்லை. நான் எழுதச் சொல்வது இப்படி: 'மேற்கே ஓடிய பெரியாற்றுத் தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியதால் மதுரைப் பக்கம் வறண்ட நிலம் நஞ்சையானது.' முழு வாக்கியம். இதை எழுத முடிந்தால் அந்தப் பத்தி உங்கள் கையில் இருக்கிறது. முடியாவிட்டால் இன்னும் கொஞ்சம் படிக்க வேண்டும். அது பாதிக் கட்டுரையில் தெரிவதைவிட இப்போதே தெரிவது மேல்.

வாக்கியத்துக்குக் கீழே வெறும் துண்டுகள் போதும்:

1876–78 தாது வருடப் பஞ்சம்
1886 திருவிதாங்கூர் குத்தகை, 999 ஆண்டு
சுண்ணாம்பு, சுர்க்கி (செங்கல் பொடி)
1895 தண்ணீர் திறப்பு
சொத்தை விற்றுக் கட்டினார் – ?

அந்தக் கேள்விக்குறியைக் கவனியுங்கள். பென்னிகுக் இங்கிலாந்தில் சொத்தை விற்று அணை கட்டினார் என்று தேனி முதல் மேலூர் வரை சொல்வார்கள். ஆதாரம் கண்ணில் படும்வரை அது குறிப்பில் கேள்விக்குறியோடுதான் இருக்க வேண்டும். 'மக்கள் இப்படிச் சொல்கிறார்கள்' என்று எழுதினால் தப்பில்லை. அந்த 'சொல்கிறார்கள்' விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வதும் குறிப்பின் வேலைதான்.

எல்லாப் பத்திக்கும் ஒரே அளவு விவரம் வேண்டியதில்லை. தெரிந்த இடத்தில் சுருக்குங்கள், தடுமாறும் இடத்தில் விரியுங்கள். காந்தி மதுரையில் அரையாடைக்கு மாறியதைப் பற்றி எழுதுகிற பெண்ணுக்கு மேலமாசி வீதி அத்துப்படி. இடத்தைக் குறிக்கவே வேண்டாம், 22-9-1921 என்று தேதி மட்டும் போதும். ஏன் மாறினார் என்பதில்தான் எல்லாரும் 'எளிமைக்காக' என்று வழுக்கிவிடுவார்கள். அங்கே காரணத்தைப் படிப்படியாக எழுதிவைக்க வேண்டும்: மதுரைக்கு வரும் ரயிலில் மக்களைப் பார்த்தது, கதர் வாங்க வசதியில்லை என்று அவர்கள் சொன்னது, அவர்களிடம் 'கதர் உடுத்துங்கள்' என்று முழு உடையில் நின்று எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தோன்றியது. மூன்று வரி ஆகிறதா, ஆகட்டும்.

முன்னுரையைக் குறிப்பில் காலியாக விடுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்த பிறகுதானே வாசலில் நின்று அழைக்க முடியும்? முடிவுரைக்கு மட்டும் கடைசியாகச் சொல்லப்போகும் விஷயத்தை ஒரு வரியில் போட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் 'நீரின்றி அமையாது உலகு' வந்து உட்கார்ந்துகொள்ளும்.

தேர்வில் பெட்டி போட்டுக் காட்டுகிற குறிப்புச்சட்டம் வேறு. அது திருத்துகிறவருக்கு, உட்தலைப்புகளை அழகாக எழுதினால் போதும். நான் சொன்னது உங்களுக்கானது. விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் கிறுக்கிக்கொள்ளுங்கள், எழுதி முடித்ததும் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்துவிடுங்கள்.