கப்பல் வேலைக்குக் கையெழுத்துப் போடும் முன்: சம்பளம், டிப்ஸ், வேலை நேரம் ஆகியவற்றில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"மாதம் 1,000 டாலர், சாப்பாடு இலவசம், தங்குமிடம் இலவசம், உலகம் சுற்றலாம்." வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி வந்தால், பட்டர்வொர்த்திலோ கிள்ளானிலோ ஹோட்டலில் வேலை செய்யும் பிள்ளைக்கு மனம் தாவத்தான் செய்யும். தாவட்டும், தப்பில்லை. உல்லாசக் கப்பலில் வேலை செய்து தங்கைக்குக் கல்யாணம் பண்ணிவைத்தவர்கள், வீடு வாங்கியவர்கள் நம்மிடையே உண்டு. கையில் ஒன்றும் மிஞ்சாமல் திரும்பியவர்களும் உண்டு. இவர்களில் பலர் சறுக்கியது கடலில் அல்ல, கப்பலில் கால் வைப்பதற்கு முன்பே.

முதல் சறுக்கல், ஏஜன்டுக்குப் பணம் கட்டுவது. 2006ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை மலேசியா 2013இல் ஏற்றுக்கொண்டது. மாலுமிகள், இன்ஜினியர்களோடு, கப்பலில் தட்டு கழுவுபவர், அறை சுத்தம் செய்பவர், காபி கலக்குபவர் எல்லாருமே அதன்படி கடல் தொழிலாளர்கள்தான். வேலை வாங்கித் தருவதற்காக அவர்களிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கக் கூடாது என்பது அதன் விதி. மருத்துவச் சான்றிதழ், கடலோடிப் புத்தகம் (கடல் பணியைப் பதிவு செய்யும் அடையாளப் புத்தகம்), பாஸ்போர்ட் ஆகியவற்றின் செலவு மட்டும்தான் உங்கள் தலையில் விழலாம். விசா செலவு கப்பல்காரருடையது.

ஆகவே "புரோசசிங் ஃபீஸ்", "இடம் பிடித்து வைக்க டெபாசிட்" என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பணம் முதல் சம்பளத்தில் கழிந்துவிடும் என்று சொன்னாலும் அதே பதில்தான். பாதுகாப்புப் பயிற்சிக்குச் சில நிறுவனங்கள் கப்பலிலேயே ஏற்பாடு செய்கின்றன; அதை முதலில் கேளுங்கள். நீங்களே கட்டிப் படிக்க வேண்டியிருந்தால், அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் நேரே கட்டி ரசீது வாங்குங்கள். ஏஜன்டின் உரிமத்தைத் தொழிலாளர் இலாகாவில் விசாரிக்கலாம். ஜபாத்தான் லாவுட் எனப்படும் கடல்துறை இலாகாவிலும் கேட்கலாம்; அதன் தலைமையகம் போர்ட் கிள்ளானில் இருக்கிறது, பினாங்கிலும் அதற்கு அலுவலகம் உண்டு. நகையை அடகு வைத்துப் பணம் கட்டத் தயாராக இருக்கும் அம்மா அப்பாவுக்கு இந்த ஒரு விஷயத்தையாவது எடுத்துச் சொல்லுங்கள்.

அடுத்த தவறு கணக்கில் வருகிறது. 1,000 டாலர் என்று கேட்டதும் மனம் நேராக அதை வெள்ளியாக (மலேசிய ரிங்கிட்டாக) மாற்றிப் பார்க்கிறது. டாலருக்கு நான்கு வெள்ளி என்று வைத்தால் 4,000. இங்கே குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. இரண்டு மடங்குக்கு மேல் என்று தோன்றும். ஆனால் கப்பலில் வாரத்துக்கு ஏழு நாளும் வேலை. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் என்றால் மாதம் 300 மணி நேரம். இங்கே சட்டப்படி வாரத்துக்கு 45 மணி நேரம், மாதத்துக்கு ஏறக்குறைய 195. குறைந்தபட்சச் சம்பளத்தின்படி ஒரு மணி நேரத்துக்கு 8 வெள்ளி 72 காசு. மீதி 105 மணி நேரத்தை ஒன்றரை மடங்கு ஓவர்டைமாகப் போட்டால், கரையிலேயே அதே 300 மணி நேரத்துக்குச் சுமார் 3,070 வெள்ளி வருகிறது. ஓய்வு நாளில் வேலை செய்தால் கிடைக்கும் கூடுதல் தொகையை நான் இதில் சேர்க்கவே இல்லை.

இன்னும் ஒன்று. கப்பல் ஒப்பந்தம் பெரும்பாலும் ஆறு முதல் ஒன்பது மாதம் வரை. அது முடிந்தால் அடுத்த அழைப்பு வரும் வரை வீட்டில்தான் இருக்க வேண்டும். ஒன்பது மாதம் சம்பாதித்ததைப் பதினொரு மாதத்துக்குப் பங்கிட்டால், 4,000 வெள்ளி சுமார் 3,270 ஆகிவிடுகிறது. கரையில் முதலாளி போடும் 13 விழுக்காடு ஊழியர் சேமநிதியைச் சேர்த்துக்கொண்டால் இரண்டு தொகையும் தோளோடு தோள் நிற்கின்றன!

இதனால் கப்பல் வேலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோலாலம்பூரில் அறை வாடகை, சாப்பாடு, மோட்டார் செலவு போக மிஞ்சுவதை விட, வாடகையும் சாப்பாட்டுச் செலவும் இல்லாத கப்பலில் சேமிப்பது எளிது. அனுபவமும் மொழியும் தனி லாபம். ஆனால் லாபம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்து போக வேண்டும். அது சேமிப்பில் இருக்கிறது. கப்பல் பாரிலும் ஒவ்வொரு துறைமுகக் கடையிலும் செலவழித்தால் அந்த லாபம் கரைந்துவிடும்.

சரி, அந்த 1,000 டாலருக்குள் என்னென்ன இருக்கிறது? இதைக் கேட்காமல் கையெழுத்துப் போடுவது பெரிய தவறு. அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, நிலையான ஓவர்டைம் எவ்வளவு, விடுப்புப் பணம் அதற்குள்ளேயே சேர்ந்துவிட்டதா, டிப்ஸும் அதில் அடக்கமா? உடன்படிக்கையின்படி மாதத்துக்கு இரண்டரை நாள் சம்பளத்துடன் கூடிய விடுப்பு உண்டு. பல ஒப்பந்தங்களில் அதை மாதத் தொகைக்குள்ளேயே கலந்துவிடுவார்கள். அப்படியானால் ஊர் திரும்பும்போது தனியாக எதுவும் வராது. கையெழுத்துக்கு முன் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்கவும், பிறரிடம் ஆலோசனை கேட்கவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. "இப்போதே போடு, நாளைக்கு இடம் போய்விடும்" என்பவரிடம் இதைச் சொல்லிவிட்டு ஒரு இரவு அவகாசம் எடுத்துக்கொள்ளுங்கள். இரு தரப்பும் கையெழுத்திட்ட அசல் ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும்.

டிப்ஸ் விஷயத்தில் ஊழியரும் ஏமாறுகிறார், பயணியும் தவறு செய்கிறார். பெரிய கப்பல் நிறுவனங்கள் பலவும் ஒவ்வொரு பயணியின் கணக்கிலும் ஒரு நாளைக்கு இவ்வளவு டாலர் என்று சேவைத் தொகையைத் தானாகவே சேர்த்துவிடுகின்றன. அறை ஊழியர், உணவகப் பரிமாறுபவர், சில இடங்களில் சலவையறை, சமையலறைப் பின்பகுதி ஆட்கள் வரை அது பங்காகிறது. எந்தெந்தப் பதவிக்குப் பங்கு உண்டு என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். "டிப்ஸிலேயே இரண்டு மடங்கு எடுக்கலாம்" என்று ஏஜன்ட் சொன்னால், நீங்கள் போகும் பதவிக்குப் பங்கு உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். கப்பல் பாதி காலியாக ஓடினாலும் ஒரு குறைந்தபட்சத் தொகைக்கு உத்தரவாதம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். போர்ட் கிள்ளானிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ புறப்படும் இரண்டு மூன்று இரவுப் பயணங்களில் வருபவர்கள் பெரும்பாலும் டிப்ஸ் கொடுத்துப் பழகாத ஊர்க்காரர்கள். அமெரிக்கப் பயணிகளை வைத்துச் சொன்ன கணக்கு இங்கே பலிக்காது.

இப்போது பயணிகளாகப் போகும் நம் குடும்பங்களுக்கு. வரவேற்பு மேசைக்குப் போய் அந்தத் தொகையை எடுக்கச் சொல்லிவிட்டு, "நம்ம அறையைப் பார்த்துக்கொண்ட தம்பிக்குக் கையிலேயே கொடுத்துவிடலாம்" என்று நினைப்பவர்கள் நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். ஆனால் உங்கள் கண்ணில் படாமல் துணி துவைத்தவருக்கும் பாத்திரம் தேய்த்தவருக்கும் வர வேண்டிய பங்கு அதோடு போய்விடும். சில நிறுவனங்களில், தானியங்கித் தொகையை நீக்கிய அறையிலிருந்து ரொக்கம் வாங்கிய ஊழியர் அதைப் பொதுத் தொகுப்பில் ஒப்படைக்க வேண்டும். ஆக அந்தத் தொகையை அப்படியே விட்டுவிட்டு, மனம் இருந்தால் மேலே ஐந்தோ பத்தோ கையில் கொடுப்பதே சரி. டிக்கெட் விலையைப் பார்க்கும்போதே இதையும் கூட்டிப் பாருங்கள். கடைசி நாள் பில்லைக் கண்டு கோபப்பட வேண்டியிருக்காது. பயணம் முடிந்ததும் வரும் கருத்துப் படிவத்தில் ஊழியரின் பெயரைக் குறிப்பிட்டு எழுதுங்கள். அடுத்த ஒப்பந்தத்துக்கும் பதவி உயர்வுக்கும் அது அவர்களுக்குக் கைகொடுக்கும்.

வேலை நேரத்துக்கு வருவோம். உடன்படிக்கையின்படி 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரமும், ஏழு நாளில் 77 மணி நேரமும் ஓய்வு வேண்டும். அந்தப் பத்து மணி நேரத்தை இரண்டாகத்தான் பிரிக்கலாம், அதில் ஒன்று ஆறு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. கப்பல் எந்த நாட்டில் பதிவாகி அதன் கொடியைப் பறக்கவிடுகிறதோ அதுதான் கொடிநாடு. ஓய்வுக்குப் பதிலாக வேலை நேரத்தை அளவிட்டுக் கட்டுப்படுத்தும் கொடிநாடுகளில் உச்சவரம்பு நாளுக்கு 14, வாரத்துக்கு 72 மணி நேரம். இதற்கெல்லாம் பதிவேடு உண்டு, அதில் நீங்களும் கையெழுத்திட வேண்டும். உண்மையில் 13 மணி நேரம் நின்றிருப்பீர்கள், தாளில் பத்து என்று இருக்கும். "எல்லாரும் இப்படித்தான், போடு" என்பார் மேற்பார்வையாளர். அங்கே போடும் கையெழுத்து, பிறகு ஓவர்டைம் கேட்டாலும் மயங்கி விழுந்து அடிபட்டாலும் உங்களுக்கு எதிராகவே நிற்கும். பதிவின் பிரதி பெறுவது உங்கள் உரிமை. அதோடு ஒரு சின்ன நோட்டில் தினமும் தொடங்கிய நேரம், முடித்த நேரம் எழுதி வையுங்கள்.

உடம்புக்கு முடியவில்லை என்றால் மறைக்கவே மறைக்காதீர்கள். வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் முதுகுவலியை மாத்திரை போட்டு அடக்குபவர்கள் அதிகம். கப்பலில் சிகிச்சைக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை. வேலைக்காலத்தில் வந்த நோய், காயத்துக்கான செலவு கப்பல்காரரின் பொறுப்பு. அதற்கு நாடுகள் கால வரம்பு வைக்கலாம், ஆனால் அது 16 வாரத்துக்குக் குறையக் கூடாது. அன்றே கப்பல் மருத்துவரிடம் போய்ப் பதிவு செய்திருந்தால் அதைக் கேட்பது எளிது.

வெளிநாட்டுக் கப்பல்காரர் நம் சேமநிதியில் பணம் போடுவதில்லை. சொந்தமாகவே செலுத்தலாம், ஆண்டுக்கு 1,00,000 வெள்ளி வரை அனுமதி உண்டு. சம்பளத்தில் ஒரு பகுதியை நேரே வீட்டுக் கணக்குக்கு அனுப்பும் ஏற்பாட்டையும் கப்பல்காரர் செய்துதர வேண்டும்.

கடைசியாக, "பஹாமாஸ் கொடி, பனாமா கொடி, நம் ஊர் சட்டம் செல்லாது, யாரிடம் போய்ச் சொல்வது?" என்று வாயை மூடிக்கொள்வது. நம் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் அந்தக் கப்பலில் செல்லாது என்பது உண்மைதான். ஆனால் மலேசியா உடன்படிக்கையை ஏற்ற நாடு என்பதால், பினாங்கின் சுவெட்டன்ஹாம் பியரிலோ கிள்ளான் பக்கத்துப் புலாவ் இண்டாவிலோ வந்து நிற்கும் வெளிநாட்டுக் கப்பலையும் நம் கடல்துறை அதிகாரிகள் ஏறிச் சோதிக்கலாம், ஊழியரின் புகாரையும் வாங்கலாம். புகார் செய்ததற்காக ஒருவரைப் பழிவாங்குவதற்குத் தடை இருக்கிறது. கப்பலுக்குள்ளேயே புகார் செய்யும் முறை எழுத்தில் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தோடு அதன் பிரதியையும் உங்களிடம் கொடுக்க வேண்டும். கொடி நாட்டின் அதிகாரியையும் நம் நாட்டின் அதிகாரியையும் எப்படித் தொடர்புகொள்வது என்பதும், கப்பலில் ரகசியமாக ஆலோசனை சொல்லக்கூடியவர் யார் என்பதும் அதில் இருக்கும். ஏறும் நாளிலேயே அதைக் கேட்டு வாங்கி, கைப்பேசியில் படம் எடுத்து வீட்டுக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள்.